பழைய டீசல் லாரிக்கு இன்ஜின் சேஃப்டி கட்: முதல் முறை பொருத்துபவர்களுக்கு

எங்கள் வீட்டு லாரி ஒன்றின் இன்ஜின் சீஸ் ஆனதற்கு (உள்ளே உராய்ந்து ஒட்டிப்போனதற்கு) காரணம் ஒரு ரப்பர் வளையம். ஆயில் ஃபில்டர் மாற்றிய பட்டறையில், பழைய ஃபில்டரின் கேஸ்கெட் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்காமல், புது ஃபில்டரை அதன் மேலேயே முறுக்கிவிட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் வரை தாங்கியது. பிறகு வளையம் பிதுங்கி ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிட்டது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரியத்தான் செய்திருக்கும். ஆனால் மதியம் ஒன்றரை மணி வெயில் முன்கண்ணாடி வழியாக நேரே அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னச் சிவப்பு டிரைவர் அண்ணன் கண்ணில் படவே இல்லை. சத்தம் மாறுகிறதே என்று அவர் ஓரம் கட்டியபோது கிராங்கில் பேரிங் ஒட்டிப்போயிருந்தது. முப்பது வருடம் வண்டி ஓட்டியவர். தன் தப்பே இல்லாத ஒன்றுக்காக அன்று அவர் அழுததை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். ஆயில் பிரஷர் விழுந்தாலோ சூடு எல்லை தாண்டினாலோ முதலில் கத்தி எச்சரித்து, பிறகு இன்ஜினைத் தானாக நிறுத்தும் சாதனம். நாங்கள் சேஃப்டி கட் என்போம். ஜெனரேட்டரிலும் போர்வெல் ரிக்கின் கம்ப்ரஸர் இன்ஜினிலும் இது பழகிய சமாச்சாரம். ஓடுகிற லாரியில்தான் அரிது, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் திடீரென்று நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாரத்தோடு வளைவில் இறங்கும் வண்டியின் இன்ஜின் நின்றால் ஆள் போய்விடும். அதனால் ஜெனரேட்டர் சாதனத்தை அப்படியே பெயர்த்து லாரியில் மாட்டக்கூடாது. எதை எப்படி மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

எந்த வண்டிக்குச் செய்யலாம்

இன்லைன் டீசல் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, வரிசையில் டீசல் அடிப்பது), கேபினிலிருந்து இழுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் கேபிள், 24 வோல்ட் பேட்டரி: இந்த மூன்றும் உள்ள பழைய லாரியை வைத்தே எழுதுகிறேன். மைக்கோ பம்பு என்று இன்றும் சொல்கிறோமே (கம்பெனி பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டது), அந்த ரகம். பம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளினால் டீசல் அடைபட்டு இன்ஜின் நிற்கும். பெட்ரோல் வண்டிபோல் பிளக்கில் நெருப்பை நிறுத்தும் வழி டீசலில் கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே எரிகிற இன்ஜின் இது. நிறுத்த வேண்டுமானால் டீசலை அடைக்க வேண்டும், அல்லது காற்றை அடைக்க வேண்டும்.

ரோட்டரி பம்பு வண்டிகளில் பம்பின் தலையிலேயே கட்டைவிரல் அளவு சோலினாய்டு (கரண்ட் பாய்ந்தால் தண்டை இழுக்கும் காந்தச் சுருள்) இருக்கும். சாவியைத் திருப்பினால் கரண்ட் போய் அது திறக்கும், சாவியை எடுத்தால் மூடிக்கொள்ளும். அந்த வண்டிக்குத் தனி சோலினாய்டு தேவையில்லை, போகும் வயரின் நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) போதும்.

காமன் ரயில் வண்டிகளில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் அடிக்கும் புது ரகம்) கை வைக்காதீர்கள். புகை விதியான பி.எஸ்.4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரலில். காமன் ரயில் வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆயில் பிரஷரையும் சூட்டையும் பார்த்து, விளக்குப் போட்டு, சக்தியைக் குறைக்கிறது. அதன் சென்சார் வயரைச் சுரண்டி நம் சாதனத்தை இணைத்தால் அதற்குப் போகும் வோல்டேஜ் மாறி, இல்லாத கோளாறைக் காட்டும்.

பொருள் வாங்கும் முன் அளவு எடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் முதலில் கடைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் ஒரு பிரஷர் கேஜ் கடன் வாங்குங்கள். முள் கேஜ், எலக்ட்ரிக் வேண்டாம். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் அதைப் பொருத்தி, வண்டியை இருபது கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடேற்றிவிட்டு ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) எத்தனை கிலோ பிரஷர் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. காலையில் 4 கிலோ காட்டும் இன்ஜின், சூடான பிறகு ஐட்லிங்கில் ஒன்றேகால் காட்டலாம்.

ஒரு உதாரணம். லாரிகளில் நிறைய ஓடும் கம்மின்ஸ் 6பிடி இன்ஜினுக்கு ஐட்லிங்கில் குறைந்தது 0.7 பார், முழு வேகத்தில் குறைந்தது 2 பாருக்குக் கொஞ்சம் மேல் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. (ஒரு பாரும் நாம் சொல்லும் ஒரு கிலோவும் ஏறத்தாழ ஒன்றுதான்.) சூட்டில் ஐட்லிங் பிரஷர் 1.3 இருக்கிற 6பிடிக்கு 0.7-ல் இயங்கும் சுவிட்ச் சரியாக இருக்கும். உங்கள் வண்டி 0.8-தான் காட்டுகிறதா? அப்படியானால் சேஃப்டி கட்டைத் தள்ளிவைத்துவிட்டு பேரிங்கையும் ஆயில் பம்பையும் பாருங்கள். தேய்ந்த இன்ஜினில் இதை மாட்டினால் ஒவ்வொரு சிக்னலிலும் கத்தும். டிரைவர் பொறுக்க முடியாமல் மூன்றாம் நாள் வயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தச் சுவிட்சின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 0.7-ல் இயங்கும் சுவிட்சுக்கு, 2000 ஆர்.பி.எம்-மில் பிரஷர் 3-லிருந்து 1-க்கு இறங்கினால் தெரியாது. ஆயில் திடீரென்று கொட்டிப்போகும் விபத்திலிருந்து அது காப்பாற்றும். மெல்ல மெல்லத் தேய்வதைக் கேஜ் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து ஸ்டாப் லீவரின் நகர்வு. கேபிளைக் கழற்றாமல், ஒருவரை இழுக்கச் சொல்லி, லீவரின் நுனி எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, கையால் தள்ள எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். சோலினாய்டு வாங்கும்போது கடைக்காரர் கேட்பது இதைத்தான்.

எதற்கு நிற்க வேண்டும், எதற்குக் கத்தினால் போதும்

சத்தியமங்கலத்திலிருந்து சாம்ராஜ்நகர் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில், ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருக்கும் நேரத்தில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று மனத்துக்குள் ஓட்டிப்பாருங்கள். பவர் ஸ்டியரிங் பம்பு நிற்கும், சக்கரம் கல்லாகும். ஏர் கம்ப்ரஸர் நிற்கும். டேங்கில் உள்ள காற்று சில பிரேக்குக்குத் தாங்கும், அதற்கு மேல் இல்லை. ஏறும்போது என்றால் வண்டி பின்னால் உருளத் துடிக்கும்.

அதனால் நான் இப்படிப் பிரிக்கிறேன். கூலன்ட் மட்டம் குறைந்தால் பஸ்ஸர் மட்டும். சூடு முதல் எல்லையைத் தாண்டினால் பஸ்ஸரும் விளக்கும். இரண்டாம் எல்லையைத் தாண்டினால் பஸ்ஸர் வேகமாகக் கத்தி, 30 விநாடி கழித்து நிற்கும். ஆயில் பிரஷர் போனால் உடனே கத்தி, 5 விநாடியில் நிற்கும். ஆயில் இல்லாத இன்ஜின் வெகு நேரம் தாங்காது என்பதால்தான் இவ்வளவு சின்ன அவகாசம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தடுப்புப் பட்டன் வேண்டும். டிரைவர் அழுத்தினால் 30 விநாடிக்கு இன்ஜின் நிற்காது, பஸ்ஸர் மட்டும் தொடரும். மறுபடி அழுத்தினால் இன்னொரு 30 விநாடி. கையை எடுத்தால் தானாகத் திரும்பும் ஸ்பிரிங் பட்டனாக இருக்கட்டும். அழுத்தினால் அப்படியே நிற்கும் சுவிட்ச் போட்டால் ஒருநாள் யாரோ போட்டு மறந்துவிடுவார்கள், அதோடு பாதுகாப்பு முடிந்தது. இன்ஜினை விட உயிர் பெரிது என்பதால் இந்தப் பட்டன் இல்லாமல் எந்த வண்டியையும் நான் வெளியே அனுப்புவதில்லை.

சோலினாய்டில் இரண்டு ரகம்

கரண்ட் இருக்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, கரண்ட் போனால் நிறுத்துவது ஒரு ரகம். கரண்ட் கொடுத்தால் மட்டும் இழுத்து நிறுத்துவது இன்னொன்று. ஜெனரேட்டருக்கு முதலாவதுதான் சரி. வயர் அறுந்தாலும் இன்ஜின் பத்திரமாக நிற்கும். லாரிக்கு, அதிலும் வெளியே கையால் செய்யும் வயரிங்குக்கு, நான் இரண்டாவதைத்தான் வைக்கிறேன். குலுக்கலில் ஒரு லக் (வயர் நுனியில் வைக்கும் உலோக முனை) தளர்ந்ததற்காக வண்டி நடு ரோட்டில் நிற்கக்கூடாது.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. வயர் அறுந்தால் பாதுகாப்பு சத்தமில்லாமல் செத்துப்போகும், யாருக்கும் தெரியாது. அதற்கு நான் கண்ட வழி: தினமும் இரவு வண்டியை நிறுத்தும்போது ஸ்டாப்பர் கேபிளை இழுக்காமல், இந்த சோலினாய்டு வழியாகவே நிறுத்த ஒரு பட்டன் வைத்துவிடுவேன். இன்ஜின் நின்றால் பியூஸ், ரிலே, வயர், சோலினாய்டு, லீவர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. நிற்காவிட்டால் கேபிளை இழுத்து நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் சரிபார்க்கலாம்.

வாங்க வேண்டியவை

கட்டுப்பாட்டுப் பெட்டி ஜெனரேட்டர், கம்ப்ரஸர் உதிரிக் கடைகளில் கிடைக்கும். 24 வோல்ட்டுக்கு ஏற்றதா, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ஆயில் பிரஷரைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் தாமதம் உண்டா, எச்சரிக்கைக்கும் நிறுத்தத்துக்கும் தனித்தனி அவுட்புட் உண்டா, கரண்ட் கொடுத்து நிறுத்தும் முறைக்கு மாற்ற முடியுமா என்று நான்கும் கேட்டு வாங்குங்கள். கூடவே ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒன்று, டெம்பரேச்சர் சுவிட்ச் இரண்டு, ரேடியேட்டர் மேல் டேங்குக்கான கூலன்ட் லெவல் சென்சார், சோலினாய்டு, அதற்குக் கனமான ரிலே, பஸ்ஸர், இரண்டு பட்டன், சிவப்பு விளக்கு, பியூஸ் பெட்டிகள், வயர், லக், ஸ்லீவ், கிளாம்ப். டேஷ்போர்டு கேஜுக்கு ஏற்கெனவே உள்ள சென்சாரை நம் சாதனத்துக்கும் பங்குபோடாதீர்கள். இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் ஒன்று பொய் சொல்லும்போது இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

வேலையைத் தொடங்குவது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். இன்ஜின் ஆறட்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பேட்டரியில் முதலில் மைனஸைக் கழற்றுங்கள். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸில் பட்டால், இரண்டு பேட்டரியின் கரண்டும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும்.

முதல் படி, ஆயில் சுவிட்ச். இங்கே அவசரப்படாதீர்கள். பிளாக்கில் இருக்கும் துளையின் மரை எம்10×1, எட்டில் ஒரு இஞ்ச் பி.எஸ்.பி., எட்டில் ஒரு இஞ்ச் என்.பி.டி. என்ற மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். பி.எஸ்.பி-க்கு இஞ்சுக்கு 28 மரை, என்.பி.டி-க்கு 27, அதோடு என்.பி.டி. கூம்பு வடிவம். தப்பான சுவிட்ச் இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். ‘கொஞ்சம் பலம் கொடுத்தால் ஏறிவிடும்’ என்று தோன்றும் அந்த நொடியில் கையை எடுத்துவிடுங்கள். மரை பிய்ந்தால் பிளாக்குக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டிவரும். பழைய சுவிட்சைக் கடைக்கு எடுத்துப்போய் மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

பிளாக்கிலிருந்து ‘T’ வடிவப் பித்தளை இணைப்பு (டீ) ஒன்றை நீட்டி, அதில் இரண்டு மூன்று சுவிட்சைத் தொங்கவிடுவதைப் பல வண்டியில் பார்க்கிறேன். இன்ஜின் அதிர்வில் அந்த டீ கழுத்தில் வெட்டு விழுந்து முறியும். ஆயிலைக் காக்க மாட்டிய சாதனமே ஆயிலைக் கொட்டிவிடும். பிளாக்கிலிருந்து ஆயில் தாங்கும் ஹோஸ் ஒன்றைச் சேஸிஸ் பக்கம் கொண்டுவந்து, அங்கே ஒரு கட்டையில் டீயையும் சுவிட்சுகளையும் இறுக்கிப் பொருத்துங்கள். டெஃப்லான் டேப் சுற்றுவதிலும் கவனம் வேண்டும். ஒற்றை வயர் சுவிட்சுக்கு உடம்புதான் எர்த். டேப் தடிமனாகச் சுற்றினால் எர்த் கிடைக்காது, நுனியில் பிரிந்த துண்டு ஆயில் வழியில் போய் அடைக்கும். ஹோஸில் தொங்கும் சுவிட்சாக இருந்தால் அதன் உடம்பிலிருந்து தனி எர்த் வயர் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி, டெம்பரேச்சர் சுவிட்ச். தெர்மோஸ்டாட் வால்வுக்கு (சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுவது) முன்னால், சிலிண்டர் ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கம் வைத்தால், வால்வு திறக்காமல் ஒட்டிக்கொள்ளும் நாளில் ஹெட் கொதிக்கும்போதும் அது குளிர்ச்சி என்றே சொல்லும். 6பிடியில் தெர்மோஸ்டாட் 83 டிகிரியில் திறக்கத் தொடங்கி 95-ல் முழுக்கத் திறக்கும். எச்சரிக்கைக்கு 98, நிறுத்தத்துக்கு 104 வாக்கில் வைக்கிறேன். மூடி அழுத்தம் தாங்கும்வரை கூலன்ட் 104-ல் கொதிக்காது, ஆகவே அவகாசம் உண்டு.

மாட்டும் முன் சோதியுங்கள். பாத்திரத்தில் தண்ணீர், தெர்மாமீட்டர், சுவிட்ச், மல்டிமீட்டர். 98 டிகிரி சுவிட்ச் சமவெளியில் கொதிக்கப் போகும் தண்ணீரில் ‘டிக்’ என்று சேரும். ஊட்டியில் செய்தால் சேராது, அந்த உயரத்தில் தண்ணீர் 93-க்குள்ளேயே கொதித்துவிடும். 104 டிகிரி சுவிட்சைத் தண்ணீரில் சோதிக்க முடியாது. சமையல் எண்ணெயை மின்சார அடுப்பில் மெல்லச் சூடேற்றிப் பாருங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

லெவல் சென்சார் எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் டெம்பரேச்சர் சுவிட்ச் வெறும் காற்றில் நிற்கும். தண்ணீர் தொட்டால்தான் அதற்குச் சூடு தெரியும். ஹெட் பழுத்துக்கொண்டிருக்கும்போது கேஜ் முள் இறங்குவதைப் பார்த்து ‘ஆறிவிட்டது’ என்று ஓட்டிய வண்டிகள் உண்டு. அந்தப் பொய்யை உடைக்க லெவல் சென்சார்தான் வழி.

மூன்றாம் படி, சோலினாய்டு. அதன் பிராக்கெட்டை இன்ஜினிலேயே பொருத்துங்கள், சேஸிஸில் அல்ல. இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேஸிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் கம்பி போட்டால் கியர் மாற்றும்போதெல்லாம் லீவர் இழுபடும். கம்பி லீவரோடு சேரும் இடத்தில் நீளத் துளை வையுங்கள். அப்போதுதான் சோலினாய்டு சும்மா இருக்கும்போது பழைய ஸ்டாப்பர் கேபிள் தன் பாட்டுக்கு வேலை செய்யும். அந்தக் கேபிளைக் கழற்றாதீர்கள், கடைசித் துணை அதுதான்.

இரட்டைக் காயில் சோலினாய்டில் ஒரு காயில் பலமாக இழுக்கும், இன்னொன்று இழுத்ததைப் பிடித்து வைக்கும். இழுக்கும் காயில் இருபது முப்பது ஆம்பியர் குடிக்கும். பிடிக்கும் காயிலுக்கு ஒரு ஆம்பியரே அதிகம். உள்ளே இருக்கும் தண்டு அடிவரை போய் முட்டினால்தான் இழுக்கும் காயில் அணையும். கம்பி நீளம் தப்பாக இருந்து, தண்டு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் இழுக்கும் காயில் அணையாது. அரை நிமிஷத்தில் வார்னிஷ் கருகும் வாடை வரும். அதனால் மின்சாரம் கொடுக்கும் முன் கையால் தண்டை அழுத்திப் பாருங்கள்: அது அடியில் முட்ட வேண்டும், அதே நேரம் லீவர் நிறுத்தும் இடத்தை எட்ட வேண்டும். நடுவில் சின்ன ஸ்பிரிங் ஒன்று வைத்தால் மிச்ச நகர்வை அது வாங்கிக்கொள்ளும். கையை எடுத்ததும் லீவர் முழுக்கத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் டீசல் குறைந்து, ‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்ற புகார் வரும். யாரும் இங்கே தேட மாட்டார்கள்.

நான்காம் படி, வயரிங். சோலினாய்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரியிலிருந்து போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 25 ஆம்பியர் என்று வைத்தால் அந்த வயரில் 1.1 வோல்ட் இழப்பு. 1 சதுர மில்லிமீட்டர் போட்டால் 4.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். செல்ஃப் அடித்து இறங்கிப்போன பேட்டரியில் சோலினாய்டு முனகுமே தவிர இழுக்காது. இந்த வயரின் பியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். சுவிட்சுகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர் போதும், பெட்டிக்கு 5 ஆம்பியர் பியூஸ்.

ரிலேயில் 85, 86 காயில், 30-ல் பேட்டரி, 87-ல் சோலினாய்டு. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே விடும் ஒவ்வொரு முறையும் எழும் வோல்டேஜ் துள்ளல் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும்.

பெட்டிக்கு உயிர் தரும் வயரைச் சாவியிலிருந்து எடுங்கள். சிலர் டைனமோவின் சார்ஜ் விளக்கு முனையிலிருந்து எடுப்பார்கள். இன்ஜின் ஓடுகிறது என்று அது காட்டும், உண்மைதான். ஆனால் பல இன்ஜின்களில் டைனமோவையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. பெல்ட் அறுந்த நொடியில் சார்ஜும் போய், பெட்டியும் அணைந்து, எந்த ஆபத்துக்காக மாட்டினோமோ அந்த ஆபத்தில் சாதனம் தூங்கிவிடும்.

வயர் சைலன்சர், டர்போ பக்கம் ஒரு சாணுக்குக் கிட்டே போகக்கூடாது. கேபின் சாய்க்கும் வண்டியில் மடியும் இடத்தில் தாராளமாக வளைய விடுங்கள். தகடு துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் வயர் நுழையக்கூடாது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட வேண்டாம், எல்லாம் லக் வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள் (அழுத்தி இறுக்குங்கள்).

சோதனை

மைனஸைக் கடைசியாக மாட்டி, சாவியைத் திருப்புங்கள். விளக்கும் பஸ்ஸரும் ஒரு கணம் வர வேண்டும். ஸ்டார்ட் செய்து, தாமத நேரம் முடிந்த பிறகு ஆயில் சுவிட்ச் வயரை எர்த்தில் தொடுங்கள் (பிரஷர் இல்லாதபோது சேரும் ரகச் சுவிட்சுக்கு). பஸ்ஸர், 5 விநாடி, இன்ஜின் நிற்க வேண்டும். டெம்பரேச்சர் வயர்களையும் ஒவ்வொன்றாக அப்படியே தொடுங்கள்: முதல் எல்லைக்குப் பஸ்ஸரும் விளக்கும் மட்டும், இரண்டாம் எல்லைக்கு 30 விநாடி கழித்து நிற்க வேண்டும். பிறகு தடுப்புப் பட்டனை அழுத்திக்கொண்டு மறுபடி செய்து, நிற்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பட்டன் சோதனையை விட்டுவிடுபவர்கள் அதிகம், என் கண்ணில் அதுதான் முதல் சோதனை. கடைசியாக, பாரம் இல்லாமல் மோசமான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, வந்து எல்லா லக்கையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

டீசலை அடைத்தாலும் நிற்காத இன்ஜின்

டர்போ சீல் போய் ஆயில் காற்றோடு உள்ளே போனாலோ, சுற்றிலும் எரிவாயு கசிந்திருந்தாலோ, டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு வெறிபிடித்தது போல் ஓடும். நம் சோலினாய்டு அங்கே ஒன்றும் செய்யாது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்தில், பக்கத்தில் ஐட்லிங்கில் நின்ற டீசல் பிக்கப் வண்டி கசிந்த வாயுவை உறிஞ்சி வேகமெடுத்ததும், தீப்பொறி பெரும்பாலும் அதிலிருந்தே வந்திருக்கும் என்பதும் விசாரணையில் தெரிந்தது.

நாமக்கல் கேஸ் டேங்கர் போல எரிவாயு, பெட்ரோலியம் ஏற்றும் வண்டிகளுக்குக் காற்றை அடைக்கும் வால்வு தனியாக வேண்டும். காற்று இன்ஜினுக்குள் நுழையும் மேனிஃபோல்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே அது வர வேண்டும். ஆலைக்குள் போகும் வண்டியில் அதை முதல் முறை பொருத்துபவர் செய்ய வேண்டாம், அந்த வேலையே செய்பவரிடம் கொடுங்கள். மற்ற வண்டி டிரைவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்: இன்ஜின் வெறிபிடித்தால் வண்டியை நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டே கிளட்சை விடுங்கள், மூச்சடைத்து நிற்கும். முடியாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டரின் வாயுவை ஏர் இன்டேக்குக்குள் பீய்ச்சுங்கள். கையை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

டிரைவரிடம் கொடுக்கும்போது

வேலை முடிந்ததும் டிரைவரையும் கிளீனர் தம்பியையும் கேபினில் உட்காரவைத்து ஒருமுறை பஸ்ஸரைக் கத்தவிடுங்கள். ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால் உடனே கிளட்சை மிதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கியரில் இருக்கும்வரை சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்டியரிங் பம்பும் கம்ப்ரஸரும் கொஞ்சம் உதவும். அந்த நேரத்துக்குள் ஓரம் வந்துவிடலாம். வண்டியில் எங்காவது வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் பெட்டியின் சாக்கெட்டையும் கழற்றச் சொல்லுங்கள். பாடி வேலை ஓயாத ஊர்களில் இந்தப் பெட்டிகள் அதிகம் சாவது வெல்டிங்கில்தான்.

பிறகு நான் ஒரு சின்ன அலுமினியத் தகட்டில் பெயின்டால் எழுதி, பட்டனுக்கு மேலே ரிவெட் அடித்துவிடுவேன். ‘வேகமாகக் கத்தினால் ஓரம் கட்டு. இடம் இல்லையா, சிவப்புப் பட்டன்: 30 விநாடி. இரவு நிறுத்த, பச்சைப் பட்டன்.’ அதன் கீழே பியூஸ் அளவுகளும் பொருத்திய தேதியும்.